எடை தூக்கினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'வாரம் இரண்டு நாள் எடை தூக்கினால் குடல் புற்றுநோய் அண்டாது' என்று ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். இவ்வளவு துணிச்சலாக எந்தப் புற்றுநோய் டாக்டரும் பேசமாட்டார். உங்கள் செய்தியாளருக்கு வாழ்த்துகள்.

உடலுழைப்பு பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கும் என்பது உறுதியான சங்கதிதான். ஆனால் அந்தச் சான்று மலக்குடலுக்கு அவ்வளவு வலுவாக இல்லை. எடைப் பயிற்சியை மட்டும் தனியே பார்த்த ஆய்வுகளும் குறைவு. நம்பிக்கை தருகின்றன, அவ்வளவே. தசை சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் ரத்தத்தில் இன்சுலின் தணிகிறது, அது மிகுந்தால் புற்றணு வளரத் தூண்டும் என்பது ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது இரண்டையும் சேர்த்துத்தான்: வாரம் 150 முதல் 300 நிமிடம் வேகநடை, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. முன்பாதியை எங்கே விட்டீர்கள்?

எப்படிச் செய்வது என்றாவது எழுதினீர்களா? பார்பெல் தூக்கும் கட்டுமஸ்தான ஆள் படம் மட்டும்தான். தாராவியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் ஐம்பது வயதுக்காரர் பார்பெல்லுக்கு எங்கே போவார்? நாற்காலியில் உட்கார்ந்து எழலாம், சுவரில் கை ஊன்றித் தள்ளலாம், 5 லிட்டர் தண்ணீர் கேனை முதுகு வளையாமல் தூக்கி இறக்கலாம். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, இரண்டு மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை திணற வேண்டும். திணறாவிட்டால் பளு போதவில்லை. அடுத்த நாள் அந்தத் தசைக்கு ஓய்வு. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், தம் கட்டினால் ரத்த அழுத்தம் எகிறும். குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டுரைக்கு நேர் கீழே 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' விளம்பரம்! லோக்கல் ரயில் பெட்டியில் ஒட்டுவது போதாதா? மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று லேகியத்தோடு மாதங்களைக் கடத்திவிட்டு, புற்று முற்றிய பிறகு பரேல் டாடா புற்றுநோய் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்களை நீங்கள் அறியாதவரல்ல. ஜிம்முக்குப் போகும் இளைஞர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. தானாக இளைப்பதைப் பயிற்சியின் பலன் என்பார்கள், ரத்தசோகைக் களைப்பை உடல்வலி என்பார்கள். இரண்டுமே குடல் புற்றின் அறிகுறியாக இருக்கலாம்.

அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றோடு நின்றுவிடுகிறது. குடலைப் பற்றிப் பத்திரிகைதானே சொல்ல வேண்டும்? குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டியான பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு போல ஆகும். அதற்குள் கொலனோஸ்கோபியில், அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனையில், கண்டு வெட்டிவிடலாம். பெற்றோருக்கோ உடன்பிறப்புக்கோ இந்த நோய் வந்திருந்தால் 40 வயதிலேயே டாக்டரிடம் பேச வேண்டும். கருஞ்சீரகத்துக்கு அரைப்பக்கம் கொடுத்த உங்களுக்கு இதற்கு நாலு வரி இல்லை. அப்போது நான் அனுப்பிய மறுப்பும் அச்சேறவில்லை.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள். மூல விளம்பரத்தை சினிமாப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உடற்பயிற்சி ஆலோசகர்,
செம்பூர், மும்பை