சாவி தரும் முன் எங்கள் இன்ஜினியரை உள்ளே விடுங்கள்

சென்னையிலும் புறநகரிலும் ஃப்ளாட் கட்டி விற்கும் பில்டர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு, உங்களில் ஒருவரிடம் நான் முன்பணம் கட்டியிருந்த ஃப்ளாட்டைப் பார்க்க, தெரிந்த சிவில் இன்ஜினியர் ஒருவரை அழைத்துப் போனேன். பத்திரப் பதிவுக்கு நாலு நாள் இருந்தது. அவர் பையில் ரசமட்டம், சுவரில் ஈரம் பார்க்கும் மீட்டர், டார்ச், ஒரு சின்னச் சுத்தியல். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "ஃபேமிலி மட்டும் போங்க சார், வெளியாளை விடக்கூடாதுன்னு ஆர்டர்." அவர் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். அம்மா ஐந்து ரூபாய் நாணயத்தால் தரை டைல்ஸைத் தட்டிக்கொண்டே வந்தார். ஹாலில் 'டிக் டிக்' என்றது. குளியலறைக்குள் போனதும் 'டொக்' என்றது. டைல்ஸுக்கு அடியில் கலவை சரியாகப் பரவவில்லை என்று அர்த்தம். சைட் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "புது வீட்டில் அப்படித்தான்மா இருக்கும்" என்றார்.

குடிபோன மூன்றாம் மாதம் கீழ் வீட்டுப் பெரியவர் செல்போனும் கையுமாக வந்து நின்றார். நாங்கள் குளிக்கும் தண்ணீர் அவர் வீட்டுப் பூஜை அலமாரிக்கு மேலே சொட்டுகிறது. எங்கள் படுக்கையறைச் சுவரும் உப்புப் பூத்து உரிய ஆரம்பித்தது. குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் நகானி ட்ராப்பைத் துணியால் அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழே போய் அண்ணாந்து பார்த்திருந்தால் பதிவுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஒரு பழைய துணி, நாலைந்து பக்கெட் தண்ணீர், அவ்வளவுதான் செலவு.

வீடு கட்டி விற்பதை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 14(3) பிரிவு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சாவி கொடுத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். சரி, ஆள் வந்தார். இரண்டு தடவை வந்தார், ஒயிட் சிமென்ட் டப்பாவோடு. பெரியவர் வீட்டில் இன்னும் சொட்டுகிறது. அவர் இப்போது லிஃப்டில் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: பதிவுக்கு முன்பே எங்கள் இன்ஜினியரை உள்ளே விடுங்கள். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளரை விட்டீர்களே! அவர் பார்ப்பது வங்கி கொடுக்கும் கடனுக்கு அந்த வீடு தாங்குமா என்று. எங்கள் குளியலறை ஒழுகுமா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. வாஸ்து பார்ப்பவர் திசைகாட்டியோடு வந்தால் கூடவே நடந்து ஈசான மூலையைக் காட்டுகிறீர்கள். ரசமட்டத்தோடு வருபவர் மட்டும் வெளியாள். 2014இல் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்த ஊர் இது. இங்கே 'எங்களை நம்புங்கள்' என்று நோட்டீஸ் அடிக்க ஒரு தைரியம் வேண்டும்தான்.

கோபத்தில் ஏதோ எழுதுகிறேன், மன்னிக்கவும். உங்களில் நன்றாகக் கட்டுபவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. விற்பனை ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள்: வாங்குபவர் தன் செலவில் இன்ஜினியரை அழைத்துவந்து பார்க்கலாம், அவர் எழுதிக் கொடுக்கும் குறைகளைச் சரிசெய்த பிறகே பதிவு.

வரும் ஞாயிற்றுக்கிழமை என் மச்சினன் உங்களில் ஒருவரிடம் வீடு பார்க்க வருகிறான். அதே இன்ஜினியர் கூட வருவார். தயவுசெய்து கேட்டில் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
கீழ் வீட்டுக்காரரிடம் தினமும் மன்னிப்புக் கேட்கும் ஒரு ஃப்ளாட்காரன்