பழஞ்சுவருக்குச் சிமெண்ட் பூச்சு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் நூறாண்டு கடந்த சத்திரங்களையும் பள்ளிக் கட்டடங்களையும் புதுப்பிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தியில், பொரிந்த பூச்சைக் கொத்திவிட்டு ‘உறுதியான சிமெண்ட் பூச்சு’ பூசப்படும் என்றிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே எழுதுகிறேன்.

ஆவணி மூல வீதி, மாசி வீதிப் பழைய வீடுகளின் சுவருக்கு அடியில் பொதுவாக ஈரத்தடுப்பு கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மண்ணின் ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். இந்த வரவு செலவு ஒழுங்காக நடக்கும்வரை கேடில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் பல வீடுகளின் தரை தெருவுக்குக் கீழே போய்விட்டது. முற்றத்தையும் வாசலையும் சிமெண்ட் தளமும் பேவர் பிளாக்கும் மூடிவிட்டன. மண்ணிலிருந்து ஆவியாகப் போக வேண்டிய ஈரமும் சுவரில் ஏறுகிறது. அங்கே சிமெண்ட் பூசினால், வெளிவர வழியின்றி ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) இன்னும் உயரே போய், பூச்சு முடியும் இடத்துக்கு மேல்தான் உலரும். கூடவே வந்த உப்பு செங்கல்லின் நுண்துளைக்குள் படிகமாகி அதை உள்ளிருந்தே உடைக்கும். போதாததற்குச் சிமெண்டும் தன் பங்குக்குச் சல்பேட் உப்பைச் சேர்க்கும். வெளியே பூச்சு கெட்டியாயிருக்க, பின்னால் செங்கல் மாவாகிக் கொட்டுவது இதனால்தான்.

எனவே உளி எடுக்கும் முன் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மரச் சுத்தியால் தட்டி, ‘டொக்’ என்று பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைச் சாக்பீஸால் வளைத்துக் குறிக்கலாம். பிறகு ஒரே நேர்கோட்டில் 30, 60, 90, 120, 150 செ.மீ. உயரங்களில் துளையிட்டு, மேல் ஒரு செ.மீ. தூளைத் தள்ளிவிட்டு, மீதியைக் காற்றுப் புகாத புட்டியில் பிடிக்க வேண்டும். டிரில் மெதுவாகச் சுற்றவேண்டும். வேகமாக ஓட்டினால் சூட்டிலேயே ஈரம் போய்விடும். எடை பார்த்து, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, மறுபடி எடை பார்த்தால் ஈர அளவு தெரிந்துவிடும். கீழே அதிகமாகி மேலே போகப் போகக் குறைந்தால் மண்ணோதம், அதாவது தரையிலிருந்து ஏறும் ஈரம். மேலே அதிகமென்றால் மெட்ராஸ் டெரஸ் எனும் பழைய மரவிட்ட மொட்டைமாடியின் தட்டோட்டு இடுக்கையோ மழைநீர்க் குழாயையோ பார்க்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் கூடினால் அநேகமாகக் குளியலறைக் குழாய்தான்.

பழைய சாந்தையும் சோதித்துவிடலாம். 20 கிராம் உலர்ந்த சாந்தை நுணுக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். மிஞ்சுவதைக் கழுவி உலர்த்தி நிறுத்தால் மணல் விகிதம் ஏறக்குறைய கிடைக்கும். சிவந்த நுண்தூள் நின்றால் சுர்க்கி (செங்கல் தூள்) கலந்திருக்கிறார்கள். மணலில் கிளிஞ்சல் துணுக்கு இருந்தால் அதுவும் கரைந்து கணக்கைக் கெடுக்கும்.

கல் மண்டபங்களின் நோய் வேறு. 2018 பிப்ரவரி 2 அன்று மீனாட்சியம்மன் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் நடந்ததுபோல் தீப்பிடித்தால், 573 டிகிரி அளவில் கருங்கல்லிலுள்ள குவார்ட்ஸ் திடீரென விரிந்து கல் வெடிக்கும். அதற்கு இந்த வைத்தியம் எதுவும் பொருந்தாது.

மண்ணோதம்தான் என்றானபின், முதல் வேலை சுவரோரம் இரண்டடி அகலத்துக்குத் தளத்தைப் பெயர்த்து, மண்ணைத் தாழ்த்திச் சரளை நிரப்புவது. பிறகு சிமெண்ட் பூச்சை ஈரக்கறைக்கு அரை மீட்டர் மேல்வரை கையுளியால் மட்டும் எடுக்க வேண்டும். பிரேக்கர் வைத்தால் நல்ல செங்கல்லும் பிளக்கும். இடுக்குகளை ஓரங்குலம் சுரண்டி, பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, விழும் தூளை அப்புறப்படுத்த வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு திரும்பவும் உள்ளேதான் போகும். அதிக உப்புள்ள இடத்தில் காகிதக்கூழும் களிமண்ணும் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து இரண்டு செ.மீ. கனத்தில் அப்பி, முழுக்கக் காய்ந்ததும், அது உறிஞ்சிய உப்போடு உரித்தெடுக்க வேண்டும். இரண்டு மூன்று தடவையாவது செய்தால்தான் பயன்.

அதன்பின் காத்திருப்பு. சுவரின் ஓரங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒப்பந்தக்காரர்கள் தவிக்கும் கட்டம் இதுதான், ஆனால் குறுக்கு வழியில்லை. முக்காலடிச் சுவரென்றால் மார்கழி தொடங்கி உலரவிட்டு ஆவணியின் கடைசியில் பூச வேண்டிவரும். ஐப்பசி மழைக்குள் வேலை முடிந்துவிடும். ஆடிக்காற்றில் பூசக் கூடாது. சுண்ணாம்பு இறுகும் முன்பே நீர் வற்றி, தொட்டால் மாவு ஒட்டும்.

கலவைக்குச் சில வாரங்களாவது நீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி ஒரு பங்கு, கழுவிய மணல் இரண்டு பங்கு. ஒரு பூச்சு 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அடுத்ததற்கு ஒரு வாரம் விட்டு, ஈரச்சாக்கு தொங்கவிட்டு நிழல் காக்க வேண்டும். மேலே வெள்ளையடித்தால் போதும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் சிமெண்ட் செய்த அதே வேலையை அதுவும் செய்யும்.

இந்தப் புதுப்பிப்புப் பணியின் மதிப்பீட்டில் பூச்சுக்குச் சதுர மீட்டர் விலை இருக்கிறது, சோதனைக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அந்த வரியைச் சேர்த்துவிட்டுப் பிறகு ஒப்பந்தம் கோருமாறு அதிகாரிகளைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர், சிம்மக்கல், மதுரை.