கும்பகோணத்தின் கோடைக் கச்சேரிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை, வைகாசி மாதங்களில் கும்பகோணத்துக் கோயில் வாசல்களிலும் தேரோடும் வீதிகளிலும் கட்டணமின்றி நடைபெறும் இசை நிகழ்ச்சிகளைச் சிறு வயது முதல் கேட்டு வருபவன் நான். அவை இனியும் குறைவின்றி நடைபெற வேண்டும் என்பதையும், நடத்தப்படும் முறையில் சில மாற்றங்கள் தேவை என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சென்னைக்கு மார்கழி எப்படியோ, அப்படித்தான் காவிரிப் படுகைக்குக் கோடை. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, அதன்பின் விதைத்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்தபின், ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கும் என்ற எதிர்பார்ப்போடு குறுவைக்குக் காத்திருக்கும் நாள்களில்தான் இப்பகுதி மக்களுக்குக் கையில் நேரமும் ஓரளவு காசும் இருக்கும். சாரங்கபாணி கோயிலின் சித்திரைத் தேரும், அட்சய திருதியையன்று பெரிய தெருவில் பன்னிரண்டு பெருமாள்கள் சேவை சாதிக்கும் கருட சேவையும் இந்த ஓய்வுக் காலத்திலேயே வருகின்றன. பள்ளி விடுமுறைக்கு வந்த பேரப் பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள். கத்திரி வெயிலில் பகலெல்லாம் வெந்த வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றும் அனலாகவே அடிக்க, ஆறரை மணிக்கு மேல் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் இரண்டு தெரு தள்ளித் தவில் கேட்டால் போதும், கால் தானாக அங்கே போகிறது. 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டாலும், இன்னமும் நடந்தே போய்க் கேட்டுவிட்டு நடந்தே திரும்பும் அளவில்தான் எங்கள் ஊர் இருக்கிறது.

நுழைவுச் சீட்டு இல்லை என்று அறிவித்தாலும் அரங்கத்துக்குள் நுழையத் தயங்குபவர்கள் நம்மில் ஏராளம். திறந்தவெளியில் அந்தத் தயக்கம் எழுவதில்லை. தாராசுரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கிவிட்டுத் தோளில் துண்டோடு வரும் ஒருவர், மேடைக்குப் பக்கவாட்டில், தவில்காரரின் வலக்கை விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகள் கண்ணுக்குத் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருவதைப் பல மாலைகளில் கவனித்திருக்கிறேன். தாளம் போடுவதில் அவர் கை ஒருமுறையும் பிசகியதில்லை. பூக்கட்டும் பெண்கள் தொடுத்துக்கொண்டே கேட்பார்கள். தாள வாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் உச்சத்துக்கு வரும்போது மட்டும் நார் பிடித்த கை நின்றுவிடும். இத்தகைய ரசிகர்களைக் கட்டண அரங்கில் நான் அதிகம் கண்டதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஒலிபெருக்கியைப் பற்றி. நாகஸ்வரம் வீதிக்கென்றே பிறந்த வாத்தியம். சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில், புறப்பாட்டுக்கென்றே வாசிக்கும் மல்லாரி எழுந்தால் நான்கு வீதிக்கும் செய்தி போய்விடும். உச்ச ஸ்ருதியில் ஒலித்த திமிரி என்னும் குட்டை நாகஸ்வரத்துக்கு மாற்றாக, திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கச்சேரிக்கு ஏற்றபடி நீளமும் கனமும் கூடிய பாரி நாகஸ்வரத்தைக் கையாண்டு நிலைநிறுத்தினார். அதை உருவாக்கிக் கொடுத்தது நமக்கு மிக அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை. பழைய வீடுகளின் உத்தரங்களிலிருந்து எடுத்த, நன்கு காய்ந்த ஆச்சா மரத்தில் கடைந்து அங்கே செய்யப்படும் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்லிலேயே நாகஸ்வரம் செய்து வைத்திருக்கும் கும்பேசுவரர் கோயில் உள்ள ஊரும் இதுதான். இப்படிப்பட்ட ஊரில், வாத்தியத்தின் வாய்க்கு நேரே மைக்கை நிறுத்தி, ஆளுயரப் பெட்டிகள் வழியே காது அடைக்கும்படி அலறவிடுவது எவ்வகையிலும் நியாயமாகாது. அதில் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தின் நெளிவும், வாயில் வைத்து ஊதும் சீவாளியின் குழைவும் அடிபட்டுப்போய் இரைச்சல்தான் மிஞ்சுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை மாலையில், தோடி ராக ஆலாபனையின் நடுவே மின்சாரம் போயிற்று. நாகஸ்வரக்காரர் நிறுத்தவில்லை. கூட்டம் தானாகவே முன்னால் நகர்ந்து நெருங்கி உட்கார்ந்துகொண்டது. காந்தார ஸ்வரத்தின் ஒவ்வோர் அசைவும் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது. விளக்கு வந்த பிறகு மைக்கைத் திரும்பப் போட வேண்டாம் என்று சொன்னவர்கள் ரசிகர்களே. வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் ஒலிபெருக்கி தேவைதான். அதையும் கூட்டத்தின் அளவுக்கு ஏற்ப அடக்கமாக வைத்தால் போதும்.

மேடையில் நடக்கும் மரியாதைகளும் கச்சேரியைக் கெடுக்கின்றன. பல்லவி சூடுபிடிக்கும் நேரத்தில் வாசிப்பவரை நிறுத்தி, உபயதாரர்களுக்கு வரிசையாகப் பொன்னாடை போர்த்தி, ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசவைப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட விழாக்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பேச்சில் போன நேரத்தை ஈடுகட்டக் கலைஞர்தான் ராகத்தைச் சுருக்க வேண்டியிருக்கிறது. மரியாதைகளைத் தொடக்கத்திலேயே முடித்துக்கொள்வதில் என்ன சிரமம்?

கோயில் விழாக்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், மே மாதம் முழுவதும் மகாமகக் குளக்கரையில் மாலை ஆறரை முதல் ஒன்பது மணி வரை இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்த மாநகராட்சியும் கலை பண்பாட்டுத் துறையும் முன்வர வேண்டும். படித்துறைகளே ரசிகர்களுக்கு இருக்கையாகிவிடும். குடிநீரும் வெளிச்சமும் இருந்தால் போதும். முதல் அரைமணி நேரத்தைத் திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் நாகஸ்வரமும் தவிலும் பயிலும் மாணவர்களுக்கு ஒதுக்கலாம். கேட்பவர்களுக்கு இலவசம் என்பதால் வாசிப்பவர்களுக்குச் சன்மானம் குறையக் கூடாது. அது அன்றைக்கே கையில் சேர வேண்டும்.

தாங்களும் ஓர் உதவி செய்ய வேண்டுகிறேன். எந்தக் கோயிலில், என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் வாசிக்கிறார்கள் என்ற விவரம் பெரும்பாலும் வாசலில் கட்டிய பதாகையோடு நின்றுவிடுவதால், பக்கத்துத் தெருக்காரர்கள்கூட மறுநாள்தான் கேள்விப்படுகிறார்கள். சித்திரை முதல் வைகாசி முடிய, தஞ்சை மாவட்டப் பக்கத்தில் ‘இன்றைய கச்சேரி’ என நான்கு வரி இடம் ஒதுக்கினால், திருவிடைமருதூரிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் மாலைப் பேருந்தைப் பிடித்து வருபவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
இசை அன்பர் ஒருவர்,
கும்பகோணம்.