பயணக் குவளைக்கு மரச்சட்டை: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

மரத்துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கடைசல் இயந்திரத்தில் எஃகுக் குவளைக்கு ஒரு சட்டை, அதாவது வெளியுறை, கடையப் போவதாக எழுதியிருந்தாய். ரம்பத்தின் கோணத்தைப் பற்றித்தான் எல்லாக் கேள்வியும், மரத்துக்கும் எஃகுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் கவலை.

சரி, முதலில் கோணம். வளையத்தில் எத்தனை துண்டோ அந்த எண்ணால் 180-ஐ வகுத்துக்கொள், துண்டின் ஒவ்வொரு முனையையும் வெட்டும் கோணம் வரும், 12 துண்டு என்றால் 15 பாகை. 12 துண்டு வளையத்தின் வெளிவிட்டத்தை 0.268-ஆல் பெருக்கினால் ஒரு துண்டின் வெளிவிளிம்பு நீளம் வரும், 96 மி.மீ.க்கு 25.7 மி.மீ. கணக்கு அவ்வளவுதான். வம்பு எங்கே என்றால், 12 துண்டுக்கு 24 வெட்டுமுகம் இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக 0.1 பாகை பிசகினாலே கடைசி ஒட்டு 2.4 பாகை வாய் பிளந்து நிற்கும். கிளாம்ப் போட்டு நெருக்கி மூடிவிடலாம் என்று நினைக்காதே, அந்த இறுக்கம் உள்ளேயே தங்கி என்றைக்காவது ஒட்டைப் பிரிக்கும்.

இதற்கு நல்ல வழி, ஆறு ஆறாக இரண்டு அரைவளையம் ஒட்டுவது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பசை தடவாமல் இரண்டு மெல்லிய குச்சியை வைத்து, சுற்றிக் குழாய்க் கிளாம்ப் (ரப்பர் குழாயை இறுக்கும் உலோகப் பட்டை) போட்டுக் காயவிடு. அப்புறம் குச்சியை எடுத்துவிட்டு, தட்டையான கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, அரைவளையத்தின் இரண்டு முனைகளையும் ஒருசேர வைத்துத் தேய். சேர்ந்த பிசகெல்லாம் அங்கேயே போய்விடும், பிறகு இரண்டு பாதியையும் ஒட்டிவிடு. வளையங்களை அடுக்கும்போது செங்கல் வரிசை மாதிரி, கீழ் ஒட்டுக்கு மேலே துண்டின் நடு வரட்டும். துண்டின் வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும், அந்த ஒட்டை நம்ப முடியாது, சட்டைக்கு உண்மையான பலம் வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில்தான்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். மரம் ரேகையின் (அதன் நார் ஓடும் திசையின்) போக்கில் அவ்வளவாக நீளாது, குறுக்கேதான் உப்பும் சுருங்கும். நீ செய்யும் வளையத்தில் ரேகை சுற்றிக்கொண்டு ஓடுகிறது, அதனால் விட்டம் பெரிதாக மாறாது. ஆனால் சட்டையின் உயரம் முழுக்க ரேகைக்குக் குறுக்கு! 130 மி.மீ. உயரச் சட்டை, காற்றின் ஈரம் ஏறி இறங்குவதற்கேற்ப ஒரு மில்லிமீட்டருக்கு மேல்கூட வளர்ந்து சுருங்கலாம். எஃகு அசையாது. சுவர் முழுக்கக் கெட்டியாக இறுகும் எபாக்ஸிப் பசை ஊற்றி இரண்டையும் கட்டிப்போட்டால் மரம்தான் வெடிக்கும். ஆகவே சுற்றிலும் அரை மி.மீ. இடம் விட்டு, வளைந்துகொடுக்கும் சிலிக்கோன் பசையை அங்கங்கே வைத்து ஒட்டு, குவளையின் விளிம்புக்குக் கீழேயும் ஒன்றிரண்டு மி.மீ. வெளி இருக்கட்டும். அடிப்பாகத்துக்கு முழு மரவட்டம் வேண்டாம், அது உப்பினால் வளையத்தைத் தள்ளித் திறந்துவிடும், மெல்லிய பிளைவுட் போதும்.

வெளிப்பக்கம் தடிப்பாக இருக்கும்போதே உட்புறத்தைக் கடைந்துவிடு. குவளை கீழே குறுகுவதால், விட்டம் அளக்கும் காலிப்பரின் அளவை மட்டும் நம்ப முடியாது. உட்சுவரில் பென்சிலால் கோடு கோடாக இழுத்து, குவளையை இறக்கி லேசாகத் திருகி எடுத்துப் பார். பென்சில் கோடு தேய்ந்து மினுமினுக்கும் இடம்தான் முட்டுகிறது, அங்கே மட்டும் சுரண்டு உளியால் ஒரு பூச்சளவு எடு. எங்கேயும் தேயாமல் குவளை இறங்கிவிட்டால், அதற்குமேல் அந்த அரை மில்லிமீட்டரைச் சுற்றிலும் எடுத்தால் சரி. பிறகு அதை ஒரு கட்டைமேல் ஏற்றி வெளிப்பக்கத்தைக் கடை, சுவர் 6 மி.மீ. வரை இறங்கலாம், அதற்குக் கீழே போக வேண்டாம்.

குவளை இரட்டைச் சுவர் என்றால் அதில் ஆணியோ துளையோ கூடவே கூடாது. நடுவில் இருக்கும் வெற்றிடம் போனால் சூடும் நிற்காது.

வெளிர்நிற மேப்பிள் மரத்தோடு சிவப்பான படாக் மரத்தைச் சேர்க்கிறாய் என்பதால் ஒன்று சொல்கிறேன், தேய்க்கும்போது சிவப்புத் தூள் மேப்பிளின் துளைகளில் இறங்கி ரோஜா நிறமாக்கிவிடும். உளியிலேயே முடிந்தவரை வழவழப்பாக்கிவிட்டு, தூளைத் துடைக்காமல் ஊதி எடு. முகமூடியும் போட்டுக்கொள், அந்தத் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லிசாகப் பல பூச்சு பூசு, உட்புறத்துக்கும் சேர்த்து. யாருக்காவது பரிசாகக் கொடுப்பதாக இருந்தால், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட வேண்டாம் என்று சொல்லிக் கொடு.

அன்புடன்,
அண்ணன்