பிளாக் ஹில்ஸ் மலைகளைத் திருப்பிக் கொடுங்கள்: அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செனட் சபை, பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பிழைக்க வந்து இந்நாட்டின் குடியுரிமையும் வாக்குரிமையும் பெற்ற ஒருவன் என்ற முறையில், தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைகளைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். இங்கு வாழும் தமிழர்களும் இதைப் படித்துத் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேள்வி எழுப்ப வேண்டும் என்பதற்காகவே தமிழில் எழுதுகிறேன்.

1868ஆம் ஆண்டு ஏப்ரலில் லாரமி கோட்டையில் உங்கள் அரசு லக்கோட்டா உள்ளிட்ட சூ இனப் பழங்குடி மக்களுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இன்றைய தெற்கு டகோட்டாவில் மிசௌரி ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலம், பிளாக் ஹில்ஸ் உட்பட, அவர்களுக்கே உரியது என்று அதில் எழுதிக் கொடுத்தது. வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையொப்பம் இட்டாலன்றி அந்த நிலத்தில் எந்தப் பகுதியும் கைமாறாது என்றது அதன் 12ஆம் பிரிவு. தலைவர்கள் நாலு பேரை மிரட்டியோ மயக்கியோ நிலத்தை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. பூட்டைச் செய்து கொடுத்ததும் உங்கள் அரசுதான்.

அது ஏழு ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை என்றே சொல்ல வேண்டும். 1874 கோடையில் அமெரிக்க இராணுவத் தளபதி கஸ்டர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் அம்மலைகளுக்குள் சென்றார். தங்கம் இருக்கும் செய்தி நாடெங்கும் பரவியது. அத்துமீறி நுழைந்தவர்களை முதலில் தடுத்த இராணுவம், 1875 இறுதியில் அதிபர் கிரான்ட்டின் முடிவுப்படி தடுப்பதைக் கைவிட்டது. அதே ஆண்டு அரசு 60 லட்சம் டாலருக்கு விலை பேசிப் பார்த்தபோது, லக்கோட்டா மக்கள் விற்க மறுத்துவிட்டார்கள்.

அதற்கடுத்து நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. வேட்டை நிலம் சுருங்கி, காட்டெருமைகளும் அருகிவந்த நிலையில், அம்மக்களில் பலர் அரசு தரும் உணவுப் பங்கீட்டை நம்பியே இருந்தனர். 1876 ஆகஸ்டில், லக்கோட்டா உள்ளிட்ட பழங்குடியினருடன் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டரின் படை அழிந்த எட்டாவது வாரத்தில், பிளாக் ஹில்ஸை விட்டுக்கொடுக்கும்வரை அவர்களுக்கு உணவு இல்லை என்று உங்கள் மன்றம் சட்டம் இயற்றியது. பசித்த பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு கையொப்பம் இட்டவர்கள் பத்தில் ஒரு பங்கினர். நான்கில் மூன்று பங்கினர் தேவைப்பட்ட இடத்தில் அதையே போதுமென்று கொண்டு, 1877 பிப்ரவரி 28 அன்று அதைச் சட்டமாக்கினீர்கள். அதன் 5ஆம் பிரிவு ஒரு மளிகைச் சீட்டைப் போல இருக்கும்: ஆளுக்கு ஒன்றரை பவுண்டு மாட்டிறைச்சி, அரை பவுண்டு மாவு, அரை பவுண்டு சோளம், நூறு பங்குகளுக்கு 4 பவுண்டு காப்பி, 8 பவுண்டு சர்க்கரை, 3 பவுண்டு பீன்ஸ். இதைக் கொடுத்து வாங்கிய மலையில் ஹோம்ஸ்டேக் என்னும் ஒரே சுரங்கம் 2002இல் மூடப்படும்வரை சுமார் 4 கோடி அவுன்ஸ் தங்கம் தந்தது.

1980இல் உங்கள் உச்ச நீதிமன்றமே, எட்டு நீதிபதிகளின் பெரும்பான்மையால், இந்த நிலம் உரிய ஈடின்றிப் பறிக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. நிலத்தின் 1877ஆம் ஆண்டு மதிப்பான 1 கோடியே 71 லட்சம் டாலரும் அதற்கான வட்டியும் தரச் சொன்னது. பைன் ரிட்ஜ் போன்ற, நாட்டிலேயே மிக வறிய பகுதிகளில் வாழும் அம்மக்கள் அதைத் தொடவில்லை. இன்று 100 கோடி டாலரைத் தாண்டிவிட்ட அந்தத் தொகை கருவூலத்திலேயே கிடக்கிறது. நிலம் விற்பனைக்கு இல்லை என்று 1875இல் சொன்ன பதிலைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

நான் பிளாக் ஹில்ஸில் உள்ள ரஷ்மோர் மலைக்குச் சென்றிருக்கிறேன். அதன் பாறையில் செதுக்கிய நான்கு அதிபர்களின் முகங்களை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கோ அவற்றின் கீழே சரிந்து கிடந்த கற்குவியலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. 1927 முதல் 1941 வரை வெடிவைத்து உடைத்த பாறை, அள்ளப்படாமல் இன்றும் அங்கேயே கிடக்கிறது. லக்கோட்டா மக்கள் அம்மலையை ஆறு பாட்டன்மார் என்று அழைத்தார்கள்.

அங்கே வீடும் பண்ணையும் வைத்திருப்போர் கதி என்ன என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. அரசு 160 ஏக்கர் தருகிறது என்று நம்பி டகோட்டா சமவெளிக்கு வந்து, மரம் கிடைக்காமல் புல்மண் கட்டிகளை அடுக்கி வீடு கட்டி, பனியிலும் வறட்சியிலும் உழைத்த ஏழைக் குடும்பங்களை நான் மதிக்கிறேன். அவர்களுடைய பேரப்பிள்ளைகளை யாரும் வெளியேற்றச் சொல்லவில்லை. 1987இல் செனட்டர் பில் பிராட்லி கொண்டுவந்த மசோதா தனியார் நிலத்தை விட்டுவிட்டு, கூட்டரசின் கையில் உள்ள சுமார் 13 லட்சம் ஏக்கரை மட்டுமே திருப்பித் தரச் சொன்னது. அது நிறைவேறவில்லை. ஆனால் 1970இல் இதே மன்றம், தேசிய வனத்தோடு சேர்க்கப்பட்டிருந்த நீல ஏரியையும் அதைச் சூழ்ந்த 48,000 ஏக்கரையும் நியூ மெக்சிகோவின் தாவோஸ் பழங்குடி மக்களுக்குத் திருப்பித் தந்திருக்கிறது.

நீதிமன்றத்தால் பணம் மட்டுமே தர முடிந்தது. கூட்டரசின் நிலத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. ஆகவே பிராட்லியின் மசோதாவை அடிப்படையாகக் கொண்டு புதிய மசோதா ஒன்றைக் கொண்டுவருமாறும், அதன் மீதான விசாரணையை வாஷிங்டனில் மட்டும் நடத்தாமல் லக்கோட்டா மக்கள் வாழும் பைன் ரிட்ஜிலும் ரோஸ்பட்டிலும் நடத்துமாறும், அங்கே ஒவ்வொரு சூ பழங்குடி அரசின் பேராளரையும் அழைத்து அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுமாறும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் வாக்காளர்களுள் ஒருவன்