சில்க் ஏர் எங்கே போனது? கோவை–சிங்கப்பூர் டிக்கெட் போடுமுன் ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோவையிலிருந்து சிங்கப்பூர் போக டிக்கெட் கேட்டு வருகிறவர்களில் சிலர் இன்றும் "சில்க் ஏர்லயே போட்டுடுங்க" என்கிறார்கள். அந்தப் பெயரில் இப்போது விமானம் ஏதும் பறப்பதில்லை. 2021-ல் அது தன் தாய் நிறுவனமான சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு கலந்துவிட்டது. ஆனால் நம் கோவைத் தடம் தாயிடம் போகவில்லை. அதற்கு முன்பே, 2019-ல், அதே குழுமத்தின் குறைந்த கட்டண நிறுவனமான ஸ்கூட்டின் கைக்குப் போய்விட்டது. டிக்கெட் விலையில் வரும் குழப்பமெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

சில்க் ஏரின் வேர் டிரேட்விண்ட்ஸ் என்ற சுற்றுலா நிறுவனம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1970-களில் தொடங்கிய துணை நிறுவனம் அது. 1989-ல் புக்கெட் போன்ற விடுமுறைத் தலங்களுக்குத் தன் பெயரிலேயே அட்டவணைப்படி விமானம் விட்டது. 1992-ல் சில்க் ஏர் என்று பெயர் மாறியது. தாய் நிறுவனத்திடம் இருந்தவை பெரும்பாலும் பெரிய விமானங்கள். கோவை, திருவனந்தபுரம், விசாகப்பட்டினம் அளவுள்ள ஊர்களுக்கு அவற்றை விட்டால் இருக்கை நிரம்பாது. ஆகவே நடுவில் ஒரே நடைபாதை உள்ள போயிங் 737, ஏர்பஸ் 320 வகைகளை வைத்து அந்த ஊர்களைச் சில்க் ஏர் பார்த்துக்கொண்டது. சாப்பாடும் 30 கிலோ பெட்டியும் டிக்கெட்டுக்குள்ளேயே அடக்கம்.

பெரியவர்கள் நினைவு வைத்துக் கேட்கும் விபத்து 1997 டிசம்பர் 19-ல் நடந்தது. ஜகார்த்தாவிலிருந்து சிங்கப்பூர் கிளம்பிய எம்ஐ 185 சுமத்ராவில் மூசி ஆற்றில் விழுந்து 104 பேரும் இறந்தார்கள். காரணத்தை உறுதி செய்ய முடியவில்லை என்றது இந்தோனேசிய விசாரணை. விமானி வேண்டுமென்றே செய்ததாகவே சான்றுகள் காட்டுகின்றன என்றது அமெரிக்கத் தரப்பு. நிறுவனம் மூடப்பட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அதன் பிறகும் இருபது ஆண்டுக்கு மேல் சில்க் ஏர் பறந்தது.

அதை நெருக்கியது குடும்பத்துக்குள் இருந்த போட்டிதான். 2012-ல் பறக்கத் தொடங்கிய ஸ்கூட், 2017-ல் இன்னொரு குறைந்த கட்டண நிறுவனமான டைகர்ஏரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. டிஆர் என்ற விமானக் குறியீடே டைகர்ஏரிடமிருந்து வந்ததுதான். சிக்கனம் பார்ப்பவர் ஸ்கூட்டுக்கும், வசதி கேட்பவர் தாய் நிறுவனத்துக்கும் போக, நடுவில் நின்ற சில்க் ஏருக்குத் தனி வேலை குறைந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. லண்டனிலிருந்து படுக்கை இருக்கையில் வருகிறவர் சிங்கப்பூரில் மாறி ஏறும் 737-ல் சாதாரணச் சாய்விருக்கைதான். ஒரே டிக்கெட்டில் இரண்டு தரம்! 2018 மே மாதம் இணைப்பை அறிவித்தபோது, விமான உள்ளமைப்பை மாற்ற 10 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல் செலவிடுவோம் என்று குழுமம் சொன்னதன் காரணம் அதுதான். 737-கள் தாயின் பெயரில் 2021 மார்ச்சில் பறக்கத் தொடங்கின. சிறிய தடங்கள் பல ஸ்கூட்டுக்குப் போயின.

நம் நாட்டிலும் இது புதிதில்லை. சிற்றூர்களை இணைக்க 1981-ல் தொடங்கிய வாயுதூத் 1990-களில் இந்தியன் ஏர்லைன்ஸுக்குள் போனது. இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-ல் ஏர் இந்தியாவுக்குள் போனது. 2024 நவம்பர் 12 முதல் விஸ்தாராவும் ஏர் இந்தியாதான்.

இனி டிக்கெட் விஷயம். ஸ்கூட்டின் அடிப்படைக் கட்டணத்தில் கைப்பை 10 கிலோ மட்டும். மடிக்கணினிப் பையும் அந்தப் பத்துக்குள்தான். பெரிய பெட்டி, சாப்பாடு, விரும்பும் இருக்கை எல்லாம் தனிக்காசு. திரையில் தெரியும் முதல் விலையைப் பழைய சில்க் ஏர் விலையோடு ஒப்பிடாதீர்கள். போக வர பெட்டிக் கட்டணத்தைக் கூட்டி, பிறகு பாருங்கள். பெட்டி எடையை டிக்கெட்டோடு சேர்த்து வாங்குவது மலிவு. விமான நிலையக் கவுன்ட்டரில் வாங்கினால் வலிக்கும். டீத்தூள், வர்க்கி, சாக்லேட் என்று ஊருக்குக் கட்டும் பொட்டலங்களை வீட்டுத் தராசில் நிறுத்துக்கொண்டு வந்து எடையைச் சொன்னால் அதற்கேற்பப் போடலாம். நீலகிரித் தைலத்தை மட்டும் கேனில் எடுத்துப் போக வேண்டாம். எளிதில் தீப்பிடிக்கும் திரவம் அது, சோதனையில் நிறுத்துவார்கள்.

சிங்கப்பூரைத் தாண்டி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கோவை–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், அங்கிருந்து சிட்னிக்கு வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டால் சில நூறு மிச்சமாகலாம். ஆனால் பெட்டி சிங்கப்பூரிலேயே இறங்கிவிடும். அதை எடுக்கக் குடிநுழைவைக் கடக்க வேண்டும். அதற்குச் சிங்கப்பூருக்குள் நுழையும் அனுமதி வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) போட்டால் பெட்டி கடைசி ஊர்வரை போகும், தவறிய இணைப்புக்கு மாற்றும் அவர்களே தருவார்கள். சாங்கியில் ஸ்கூட் முதலாம் முனையத்திலும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டு, மூன்றிலும் நிற்பதை நினைவில் வையுங்கள்.

பழைய கோப்பில் கிடக்கும் டிக்கெட்டைக் கொண்டு வருகிறவர்களுக்கு: 13 இலக்க எண் 629 என்று தொடங்கினால் அது சில்க் ஏர் வழங்கியது, 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். பயன்படுத்தாத 629 டிக்கெட்டின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இரண்டு நிறுவனத்துக்கும் கிரிஸ்ஃப்ளையர் என்ற மைல் சேர்ப்புத் திட்டம் ஒன்றே என்பதால் உறுப்பினர் எண் மாறவில்லை. ஆனால் மைல்களுக்கு மூன்று ஆண்டே ஆயுள்.

நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்தில் தேதி ஏமாற்றும். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.40 என்றிருந்தால், 14-ஆம் தேதி மாலையே மலையிலிருந்து இறங்க வேண்டும். கவுன்ட்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஊட்டியிலிருந்து பீளமேடு விமான நிலையத்துக்குச் சாதாரண நாளிலேயே மூன்று மணி நேரம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டிவரும். கோடை சீசனில் ஒருவழிப்பாதை போட்டால் கீழே இறங்குவதே கோத்தகிரி வழிதான். அந்த மாதங்களில் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போட வரும்போது பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல், போகிறவரின் கைபேசி எண், மின்னஞ்சல் மூன்றும் வேண்டும். நேர மாற்ற அறிவிப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். எங்கள் முகவரியைக் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
பயணச்சீட்டு அலுவலகத்தார்,
குன்னூர்