தட்டில் செத்த செல்லும் தட்டில் இருக்கும் சோறும்: நலப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நலப் பக்கங்களுக்கு எழுதும் நண்பர்களுக்கும், அவற்றுக்குத் தலைப்பு வைக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அரிசி, கோதுமை, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, பருப்பு என்று எதையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வேதிப்பொருள். ஒவ்வொன்றும் புற்றுநோயைக் 'கொல்லும்' என்று ஆராய்ச்சியைக் காட்டி உங்கள் செய்தி. அந்த ஆராய்ச்சிகள் பொய் என்று சொல்ல வரவில்லை. அவை எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்பதைச் சொல்லாமல் விடுகிறீர்களே, அதுதான் என் புகார்.

உருளைக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். அதில் சோலனைன், சாக்கோனைன் என்று இரண்டு பொருட்கள் உண்டு. ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்கள்மேல் இவற்றை விட்டால் செல்கள் சாகின்றன, உண்மைதான். பச்சை பிடித்த கிழங்கைத் தின்றவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதும் இதே பொருட்களால்தான். செல்லின் சவ்வைக் குலைக்கும் நஞ்சு அது. நல்ல செல், கெட்ட செல் என்று பார்ப்பதில்லை. தட்டில் இருக்கும் செல் நிறைய உப்பைக் கொட்டினாலும் சாகும். மற்ற செல்களை விட்டுவிட்டுப் புற்றுநோய் செல்லை மட்டும் கொல்வதுதான் கஷ்டம். அதற்கும் முன்னால் அந்தப் பொருள் குடலையும் கல்லீரலையும் தாண்டி, போதுமான அளவில் கட்டி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

தாவரங்களிலிருந்து புற்றுநோய் மருந்து வந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்டின், பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து பாக்லிடாக்செல். இரண்டும் பிரித்துச் சுத்தமாக்கி, அளவு பார்த்து நரம்பு வழியாக ஏற்றப்படுபவை, பக்கவிளைவுகளும் கடுமை. சாப்பாட்டுக்கும் அவற்றுக்கும் முடிச்சுப் போட முடியாது.

அப்புறம் பீட்டா கரோட்டின். இதை நீங்கள் மாதம் ஒருமுறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. காய், பழங்களை நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது. சரி, அதிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று இறங்கினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 1994இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் வைட்டமின் ஏயையும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு சோதனையில் 28 விழுக்காடு கூடியது. 1996இல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். காயில் இருந்தபோது நல்லபிள்ளையாகத் தெரிந்த பொருள்தான் இது.

இவ்வளவு ஆரவாரத்தில், ஓரளவு ஆதாரம் உள்ள விஷயம் காணாமல் போகிறது. தீட்டாத தானியத்தின் தவிட்டில் ஃபெருலிக் அமிலம் என்ற வேதிப்பொருள் நார்ச்சத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறுகுடலில் அதில் பெரும்பகுதி பிரிவதில்லை. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் பிரிக்கின்றன, நாரையும் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். அதே பியூட்டிரேட் ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. இந்தப் பொருள் வேண்டிய இடத்திலேயே உருவாகிவிடுவதால், போய்ச் சேருமா என்ற கேள்வியே எழுவதில்லை. எனக்குப் பிடித்தது இதுதான்.

முழுத்தானியம் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து 'அநேகமாக'ப் பாதுகாக்கிறது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் 2018 அறிக்கை சொல்கிறது. நாளுக்கு 90 கிராம் கூடுதலாகச் சாப்பிட்டால் ஆபத்து சுமார் 17 விழுக்காடு குறைவு என்பது அதன் கணக்கு. மக்களின் சாப்பாட்டுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. நார்ச்சத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்த இரண்டு அமெரிக்கச் சோதனைகளில் பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய சிறு குடல் கட்டிகள் (பாலிப்) திரும்ப வருவது குறையவில்லை என்று 2000இல் முடிவுகள் வந்தன. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். 'அநேகமாக' என்ற சொல்லைத் தலைப்பில் வெட்டிவிடாதீர்கள்.

கூடவே இன்னொன்று: மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பூஞ்சை பிடித்தால் உண்டாகும் அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவரும். இது நிரூபணமானது. தானியத்தை ஈரம் படாமல் வைப்பது பற்றிய செய்திக்கு உங்கள் பக்கத்தில் எப்போது இடம் கிடைக்கும்?

நான் கேட்பது அதிகமில்லை. செய்தியின் முதல் பத்தியிலேயே சோதனை செல்லிலா, எலியிலா, மனிதரிலா என்று எழுதுங்கள். கொடுத்த அளவைச் சாப்பாட்டில் பெற முடியுமா என்று ஆய்வாளரிடம் கேட்டுப் போடுங்கள். உங்கள் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்பவர்களில் சிகிச்சையில் இருப்பவர்களும் உண்டு. குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வழிகளை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு என்று 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அவர்களுக்காக ஒரு வரி வேண்டும்: சிகிச்சையை நிறுத்தாதீர்கள், சாறோ மாத்திரையோ எதை எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்தை விடாமல் படிக்கும் வாசகர்